ஓலைக் குடிசையில் ஓர் ஆய்வுக்கூடம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

கோவை மாநகரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரோடு விளங்கும் கோயில்கள் உண்டு. அம்மை நோய் கண்டால் மாரியம்மனை வேண்டுவது நம் கொங்கு நாட்டு வழக்கம். அந்த மக்கள், பிளேக் என்னும் அயல்மொழிச் சொல்லையும் அன்னையின் பெயரோடு சேர்த்து வணங்கத் தலைப்பட்டார்கள் என்றால், அந்நோய் அவர்களை எவ்வளவு கலங்கடித்திருக்க வேண்டும்! 1903ஆம் ஆண்டு தொடங்கிக் கோவை வட்டாரத்தில் பிளேக் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. வீட்டில் எலி செத்து விழுந்தால், அடுத்து மனிதன் விழுவான் என்பதை மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஊரையே காலி செய்துவிட்டுத் தோட்டங்காட்டில் சாளை போட்டுக் குடியிருந்தார்கள். நெருக்கமான பழைய ஊரை விட்டு மக்கள் வெளியேறிக் குடியேறப் புதிய பகுதிகள் அமைக்கப்பட்டன. இன்று நாம் ஆர்.எஸ்.புரம் என்று சொல்லும் இடம், இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கி அவ்வாறு எழுந்ததே ஆகும். திருப்பூரும் அந்நாளில் கோவை மாவட்டத்தைச் சேர்ந்ததுதான்.

1896இல் பம்பாயில் தொடங்கிய இந்நோய், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமான உயிர்களைக் குடித்தது. இத்தனை பேரைக் கொன்ற எதிரியின் உருவம் எப்படி இருக்கும்? அதைத் தெளிவாகப் பிரித்தெடுத்து உலகிற்குக் காட்டியவர் யார்? அலெக்சாண்டர் யெர்சின் என்னும் அப்பெருமகனின் வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தந்தையைக் காணாத பிள்ளை

சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா ஏரிக்கு அருகில் ஓபோன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் யெர்சின் பிறந்தார். அவர் தந்தை வெடிமருந்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஓய்வு நேரங்களில் பூச்சிகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்டவர். மகன் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தாயார் மனந்தளரவில்லை. அருகிலிருந்த மோர்ஜ் நகரத்திற்குக் குடிபெயர்ந்து, இளம்பெண்களுக்கான தங்கும் பள்ளி ஒன்றை நடத்தி மக்களை வளர்த்தார். பிற்காலத்தில் யெர்சின் எந்த மூலையில் இருந்தாலும் தாய்க்கு மடல் எழுதத் தவறியதில்லை. தாய்க்கும் தமக்கைக்கும் அவர் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள்தாம் அவர் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்ள இன்று உதவுகின்றன.

லோசானிலும், ஜெர்மனியிலுள்ள மார்பர்க்கிலும் மருத்துவம் பயின்ற அவர், 1885இல் பாரிசு நகரம் வந்து சேர்ந்தார். அங்கே ஒரு விபத்து அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. வெறிநாய்க்கடியால் இறந்த ஒருவரின் உடலை அறுத்துச் சோதிக்கும்போது யெர்சினின் கையில் வெட்டுக்காயம் பட்டது. வெறிநோய்க்குத் தடுப்பு மருந்து உலகிலேயே அன்று ஓர் இடத்தில்தான் இருந்தது. அது லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடம். அங்கே ஓடினார். பாஸ்டரின் வலக்கரமாக விளங்கிய எமில் ரூ அவருக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். நோயாளியாகச் சென்றவர் 1886இல் அதே ஆய்வுக்கூடத்தின் பணியாளராகிவிட்டார்.

1888இல் ரூவும் யெர்சினும் சேர்ந்து ஓர் அரிய உண்மையை வெளியிட்டார்கள். குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் டிப்தீரியா நோயில், கிருமி தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. அது சுரக்கும் நச்சுப்பொருள்தான் உடலெங்கும் சென்று உயிரை மாய்க்கிறது என்பதே அது. அப்போது யெர்சினுக்கு வயது இருபத்தைந்து. பாரிசில் புகழும் பதவியும் கதவருகே காத்து நின்றன. ஆனால் அவரோ 1890இல் ஒரு கப்பல் கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்து கீழ்த்திசைக்குப் புறப்பட்டுவிட்டார்! சைகோனிலிருந்து மணிலாவுக்கும் ஹைபோங்குக்கும் செல்லும் கப்பல்களில் பணியாற்றினார். இன்றைய வியத்நாமின் கடற்கரையில் நாட்ராங் என்னும் மீனவர் ஊரைக் கண்டார். அதன் அழகில் மயங்கினார். பின்னர் அதுவே அவர் ஊராயிற்று. அடர்ந்த மலைக்காடுகளில் கால்நடையாகச் சென்று வரைபடங்கள் வரைந்தார். 1893இல் அவர் கண்டு சொன்ன லாங்பியாங் பீடபூமியில்தான் பின்னாளில் டாலாட் என்னும் மலைவாழிடம் எழுந்தது.

ஹாங்காங் 1894

சீனத்தின் யுன்னான் பகுதியில் புகைந்துகொண்டிருந்த பிளேக், 1894இல் கான்டன் நகரத்தை அழித்துவிட்டு ஹாங்காங்கை எட்டியது. அது பெரிய துறைமுகம். அங்கிருந்து உலகின் எல்லாத் திசைக்கும் கப்பல் உண்டு. உலகமே அஞ்சியது. பிரெஞ்சு அரசு யெர்சினை அங்கே செல்லப் பணித்தது.

ஜூன் 15ஆம் நாள் யெர்சின் ஹாங்காங்கில் இறங்கினார். அவருக்கு மூன்று நாள் முன்பே ஜப்பானியப் பேரறிஞர் கிடசாடோ தம் குழுவினருடன் வந்துவிட்டார். கிடசாடோ சாதாரண மனிதர் அல்லர். இராபர்ட் காக்கின் மாணவர். டெட்டனஸ் கிருமியை முதன்முதலில் தனித்து வளர்த்துக் காட்டியவர். மருத்துவமனை அதிகாரிகள் அவருக்கு எல்லா வசதிகளையும் செய்து கொடுத்தார்கள். நல்ல அறை, கருவிகள், உதவியாளர்கள், சோதனைக்கு வேண்டிய உடல்கள் அனைத்தும் அவருக்குக் கிடைத்தன. யெர்சின் வந்து இறங்குவதற்கு முதல் நாளே, கிருமியைக் கண்டுவிட்டதாகவும் கிடசாடோ கருதினார்.

யெர்சினுக்கோ இறந்தவர் உடலைத் தொடவும் அனுமதி இல்லை. கையில் ஒரு நுண்ணோக்கியும் சில பொருள்களும் மட்டுமே. அவர் சோர்ந்து திரும்பிவிட்டாரா? இல்லை. மருத்துவமனை வளாகத்தருகே மூங்கிலும் ஓலையும் கொண்டு ஒரு குடிசை போட்டார். அதுவே வீடு, அதுவே ஆய்வுக்கூடம். பிணங்களைப் புதைக்கும் பொறுப்பிலிருந்த ஆங்கில மாலுமிகளின் கையில் சிறிது பணத்தை அழுத்தி, பிணவறைக்குள் சில நிமிடம் நுழைந்தார். இறந்தவரின் அரையில் கட்டியிருந்த நெறிக்கட்டியை அறுத்தெடுத்துக்கொண்டு குடிசைக்கு விரைந்தார். அதன் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குட்டையான, முனைகள் உருண்ட கோல் வடிவக் கிருமிகள் ஒரே வகையாக, திரள் திரளாகக் கிடந்தன! அன்று ஜூன் 20.

இந்த இடத்தில் நாம் சற்று நிதானித்து நோக்க வேண்டும். கிடசாடோ பெரிதும் ஆராய்ந்தது நோயாளிகளின் இரத்தத்தை. இரத்தத்தில் வேறு கிருமிகளும் வந்து கலக்கக்கூடும். யெர்சின் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. நோய் எங்கே வீங்கி நிற்கிறதோ அங்கேயல்லவா கிருமியின் குடியிருப்பு இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். ஆகவேதான் நெறிக்கட்டியை முதலில் நாடினார்.

இன்னொரு விந்தையும் உண்டு. கிடசாடோவிடம் கிருமிகளை மனித உடலின் வெப்பத்தில் வைத்து வளர்க்கும் அடைகாப்புப் பெட்டி இருந்தது. யெர்சினிடம் அது இல்லை. ஹாங்காங்கின் காற்று வெப்பத்திலேயே வளர்த்தார். பிளேக் கிருமியோ உடல் வெப்பமான 37 பாகை செல்சியசைக் காட்டிலும் 28 பாகையளவில்தான் நன்கு வளரும் இயல்புடையது. பெட்டியில் வேறு கிருமிகள் முந்திக்கொள்ள, குடிசையிலோ தூய வளர்ப்பு கிடைத்தது என்று பின்வந்த அறிஞர்கள் விளக்குகிறார்கள். இல்லாமையே ஒருவருக்குக் கைகொடுத்தது என்றால் மிகையாகாது. ஆனால் இல்லாமை மட்டுமே வெற்றியைத் தந்துவிடவில்லை. எதை எங்கே தேட வேண்டும் என்று அவர் பாரிசில் கற்ற கல்விதான் அக்குடிசையை ஆய்வுக்கூடமாக்கிற்று.

சாயம் சொன்ன சான்று

ஒரு கிருமியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது எப்படி? நாம் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பில் செய்யும் கிராம் சாயமேற்றும் முறையை நினைவுகூருங்கள். இது 1884இல் டென்மார்க் நாட்டு அறிஞர் கிராம் கண்ட முறை. முதலில் ஊதாச் சாயம் ஏற்றுகிறோம். அயோடின் கரைசலை விட்டு அச்சாயத்தைப் பிடிக்க வைக்கிறோம். பிறகு ஆல்கஹால் விட்டு அலசுகிறோம். சில பாக்டீரியங்களில் ஊதா அப்படியே நிற்கும். சிலவற்றில் கழன்று ஓடிவிடும். அவற்றில் அடுத்து விடும் சிவப்புச் சாயம் ஏறும். சாயப்பட்டறைகள் சூழ்ந்த ஊரில் வாழும் நமக்கு, சாயம் நிற்பதும் போவதும் விளக்க வேண்டிய செய்தியா என்ன?

தாம் கண்ட கிருமியில் கிராம் சாயம் நிற்கவில்லை என்று யெர்சின் ஐயத்திற்கிடமின்றி எழுதினார். அது முற்றிலும் சரி. கிடசாடோவின் குறிப்புகளிலோ இவ்விடத்தில் தெளிவில்லை. பின்னர் சாயம் நிற்கும் என்றும் அவர் கூறினார். அவர் பிளேக் கிருமியைக் கண்டிருக்கலாம்; ஆனால் அவர் வளர்ப்பில் நிமோனியாக் கிருமியும் கலந்திருக்க வேண்டும் என்பதே பலரின் முடிவு. இருவருமே பெரியோர். எனினும், காண்பது வேறு. கண்டதைக் கலப்பில்லாமல் பிரித்து இன்னது என்று வரையறுப்பது வேறு. அதனாலேயே உலகம் யெர்சினின் விளக்கத்தை ஏற்றது. ஜூலை 30ஆம் நாள் அவர் கண்டுபிடிப்பு பாரிசு அறிவியல் கழகத்தில் படிக்கப்பட்டது. தெருவில் செத்துக் கிடந்த எலிகளின் உடலிலும் அதே கிருமி இருப்பதை அவர் கண்டு சொன்னார். எலி செத்தால் வீட்டைக் காலி செய்த நம் முன்னோரின் அனுபவ அறிவு, அங்கே அறிவியல் உண்மையாயிற்று.

இந்திய மண்ணில்

ஹாங்காங்கிலிருந்து நோய் கப்பலேறியது. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவி பகுதியில் மருத்துவர் அகாசியோ வீகாஸ் அதை அடையாளம் கண்டார். அதற்குள் யெர்சின் குதிரையின் குருதியிலிருந்து பிளேக்கிற்கு எதிரான சீரம் ஒன்றை ஆக்கியிருந்தார். அவ்வாண்டு சீனத்தின் அமாய் நகரில் அதைக் கொண்டு 23 பேருக்குச் சிகிச்சை செய்ததில் இருவர் மட்டுமே இறந்தனர். அந்த நம்பிக்கையோடு 1897இல் பம்பாய் வந்தார். ஆனால் பம்பாயில் சீரம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அவர் நாட்ராங் திரும்பினார். அதே பம்பாயில் ஹாஃப்கின் என்னும் அறிஞர் தடுப்பூசியை ஆக்கித் தம் உடலிலேயே முதலில் குத்திக்கொண்டார். யெர்சினுக்குப் பதிலாக வந்த சைமன், 1898இல் கராச்சியில் செய்த சோதனையில், எலியிலிருந்து எலிக்கு நோயைக் கொண்டு செல்வது தெள்ளுப்பூச்சியே என்று கண்டார். அன்று அதை நம்பியவர் சிலரே. பம்பாய் பரேலில் லிஸ்டன் முதலானோர் 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடத்திய விரிவான ஆய்வுகளே அதை ஐயமற நிறுவின.

ஒருவர் கிருமியைக் கண்டார். ஒருவர் தடுப்பூசி கண்டார். ஒருவர் பூச்சியைக் கண்டார். அறிவியல் ஒருவர் தனித்துச் சுடும் செங்கல் அன்று. பலர் சேர்ந்து எழுப்பும் சுவர்.

பெயர் வந்த கதை

யெர்சின் தாம் கண்ட கிருமிக்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. அது பாக்டீரியம் பெஸ்டிஸ், பாசில்லஸ் பெஸ்டிஸ் என்றெல்லாம் வழங்கிப் பின் பாஸ்டரின் நினைவாகப் பாஸ்டுரெல்லா பெஸ்டிஸ் ஆயிற்று. அது பாஸ்டுரெல்லா இனத்தோடு ஒட்டாது, தனி இனமாகவே வைக்கத்தக்கது என்று 1944இல் டச்சு அறிஞர் வான் லோகெம் எடுத்துரைத்து, யெர்சினியா என்னும் பெயரை முன்மொழிந்தார். யெர்சின் மறைந்து ஓராண்டு கழிந்திருந்தது! அப்பெயர் எங்கும் பரவி நிலைபெற மேலும் பல ஆண்டுகள் ஆயின. இன்று நாம் யெர்சினியா பெஸ்டிஸ் என்று தேர்வில் எழுதும் ஒவ்வொரு முறையும், தம் பெயரைத் தேடாத ஒருவரின் பெயரைத்தான் எழுதுகிறோம்.

ஒரே நிறம், பல லாட்

வகைப்பாடு என்றால் நம்மில் பலருக்குக் கசப்பு. பெயர்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பாடம் என்றே நினைக்கிறோம். எனக்கு அதன் பொருளை விளக்கியது என் தாயாரின் வேலை. பனியன் கம்பெனியில் பல ஆண்டுகளாகச் செக்கிங் பார்ப்பவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான் முதல். இரண்டு கருநீலத் துணிகளை என் கையில் கொடுத்தால் எனக்கு இரண்டும் ஒன்றே. அவரோ வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, இது வேறு சாய லாட், அது வேறு லாட் என்று பிரித்து வைப்பார். உடல் ஒரு லாட்டிலும் கை மறு லாட்டிலும் தைக்கப்பட்டு விட்டால் உருப்படி கழிவுதான். நிறம் ஒன்றே, பெயரும் ஒன்றே, ஆனால் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்பது வேறு. கிருமிகளிலும் இனம் ஒன்றாயிருக்க, அதற்குள் கிளைகள் பல. அக்கிளைகளைப் பிரித்தறியும் கண்தான் வகைப்பாடு.

1951இல் தெவிஞா என்னும் அறிஞர் பிளேக் கிருமிகளை மூன்றாகப் பிரித்தார். கிளிசராலைப் புளிக்க வைக்கிறதா, நைட்ரேட்டை ஒடுக்குகிறதா என்னும் இரண்டே கேள்விகள். இரண்டையும் செய்வது ஆன்டிகுவா. கிளிசராலைப் புளிக்க வைத்து நைட்ரேட்டை ஒடுக்காதது மெடிவாலிஸ். நைட்ரேட்டை ஒடுக்கிக் கிளிசராலை விட்டுவிடுவது ஓரியன்டாலிஸ். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசை உலுக்கிய பிளேக்கிற்கு முதலாவதும், பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கருஞ்சாவுக்கு இரண்டாவதும், ஹாங்காங் வழி வந்ததற்கு மூன்றாவதும் காரணம் என்று அழகாகப் பொருத்தியும் காட்டினார். பாடநூல்கள் நெடுங்காலம் அதையே உரைத்தன. 2004இல் சீன அறிஞர்கள் மைக்ரோட்டஸ் என்னும் நான்காவது வகையையும் சேர்த்தார்கள்.

பிறகு டி.என்.ஏ. வந்தது. 2001இல் இக்கிருமியின் மரபுத்தொகுதி முழுவதும், ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகள், படிக்கப்பட்டது. குடலில் தங்கிச் சிறு தொல்லை தரும் யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் என்னும் கிருமியிலிருந்துதான் இந்தக் கொலைகாரன் பிறந்தான் என்பது, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளியான டி.என்.ஏ. ஆய்விலேயே புலப்பட்டிருந்தது. ஏறத்தாழ 5000 ஆண்டு பழமையான மனிதப் பற்களிலும் பிளேக் கிருமியின் டி.என்.ஏ. கிடைத்ததாக 2015இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பழங்கிருமியிடம், தெள்ளுப்பூச்சியின் குடலில் உயிர்வாழ உதவும் மரபணு இருக்கவில்லை. அது பின்னர் வந்து சேர்ந்தது. அதன்பின்தான் பூச்சியின் முதுகேறி உலகம் சுற்றியது.

தெவிஞாவின் அழகிய பொருத்தமும் நிலைக்கவில்லை. லண்டனில் 1348–50 காலத்துப் புதைகுழிகளிலிருந்து எடுத்த கிருமியின் மரபுத்தொகுதி 2011இல் படிக்கப்பட்டது. அது இன்றைய மெடிவாலிஸ் அன்று. இன்று உலகில் வாழும் பல கிளைகளுக்கும் அதுவே மூதாதைக்கு நெருங்கியதாய் இருந்தது. ஜஸ்டினியன் காலக் கிருமி, இன்று வழித்தோன்றலே இல்லாமல் அற்றுப்போன தனிக்கிளை என்று 2014இல் தெரிந்தது. கருஞ்சாவின் தொடக்கத்தை இன்றைய கிர்கிசுத்தானில், 1338–39ஆம் ஆண்டுக் கல்லறைகளில் 2022இல் கண்டார்கள். ஹாங்காங்கிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது மட்டும் ஓரியன்டாலிஸ் கிளையே என்பது உறுதியாயிற்று. யெர்சின் குடிசையில் பார்த்ததும், நம் பாட்டன் பூட்டன்மார் எதற்கு அஞ்சிச் சாளைக்கு ஓடினார்களோ அதுவும் ஒரே லாட் என்று சொல்லலாம்.

பெயர் தெரியாவிட்டால்

இவையெல்லாம் அறிஞர்களின் பொழுதுபோக்குத்தானே, நமக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 1994ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சூரத் நகரத்தை நினைத்துப் பாருங்கள். சூரத்தும் நம் ஊரைப் போல நூலையும் துணியையும் நம்பிய ஊர். வெளி மாநிலத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் தறியோட்டும் ஊர். அங்கே நுரையீரல் பிளேக் என்ற செய்தி பரவியதும் இலட்சக்கணக்கானோர் இரயிலிலும் பேருந்திலும் ஏறி ஓடினார்கள். இறந்தவர் ஐம்பதுக்கு மேற்பட்டோர். ஆனால் அச்சத்தின் விலை அதனினும் பெரிது. சில நாடுகள் விமானப் போக்குவரத்தை நிறுத்தின. இந்தியச் சரக்கைக் கண்டு அஞ்சின. அவ்வளவுக்கும், அது பிளேக்தானா, வேறு நோயா என்னும் வாதம் பல காலம் தீராமல் நீண்டது. தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்து விரைந்து பெயர் சொல்லும் வசதி அன்று போதவில்லை. ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்கள் டி.என்.ஏ. ஆய்வு வழியாக அது யெர்சினியா பெஸ்டிஸ்தான் என்று நிறுவிய கட்டுரை 2000ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

ஓலைக் குடிசையில் ஐந்தே நாளில் தீர்ந்த கேள்வி, நூறாண்டு கழித்துத் தீர ஆண்டுகள் பிடித்தன! நோய்க்கு மருந்து இல்லாமலா சூரத் தவித்தது? டெட்ராசைக்கிளின் கடைகளில் இருந்தது. ஐயமற்ற பெயர்தான் இல்லை. 2020இல் கொரோனாக் காலத்தில், திருப்பூரிலிருந்து தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊர் திரும்பியதை நாம் கண்ணால் கண்டோம். அடுத்த ஆண்டே டெல்டா என்ற சொல் எங்கள் தெருக் குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. அதுவும் ஒரு கிளையின் பெயர்தான். ஏற்றுமதியை நம்பி அடுப்பு எரியும் ஊரில், நோயின் கிளையைப் பிரித்தறியும் அறிவு சோறு போடும் அறிவு.

ஐந்தாம் ஐயா

பம்பாயிலிருந்து திரும்பிய யெர்சின் நாட்ராங்கிலேயே வாழ்ந்தார். 1895இல் அங்கே அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம் பாஸ்டர் நிலையமாக வளர்ந்தது. சீரம் ஆக்கக் குதிரைகள் வேண்டும். அவற்றுக்குத் தீவனமும் பணமும் வேண்டும். எனவே உழவராகவும் மாறினார். பிரேசில் நாட்டு இரப்பர் மரத்தை நட்டுப் பயிராக்கினார். அதன் வருவாயில் ஆய்வுக்கூடம் நடந்தது. மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினாவுக்காகச் சின்கோனா மரங்களை வளர்த்தார். நீலகிரி நடுவட்டத்திலும் நம் ஆனைமலையிலும் அரசினர் வளர்த்த அதே மரம்தான். ஹனாய் மருத்துவப் பள்ளியின் முதல் தலைவராக 1902 முதல் சில ஆண்டுகள் பணியாற்றினார்; பதவியில் ஒட்டிக்கொள்ளாமல் கடற்கரைக்கே திரும்பினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மீனவர்க்குப் புயல் வருவதை முன்கூட்டி உணர்த்தினார், அவர்கள் பிள்ளைகளுக்கு மருத்துவம் பார்த்தார், காசு வாங்குவதில்லை. இராணுவ மருத்துவராக அவர் சட்டையில் இருந்த ஐந்து கோடுகளைக் கண்டு அம்மக்கள் அவரை ஐந்தாம் ஐயா என்னும் பொருள்பட அழைத்தார்கள்.

1943ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் வயதில், நாட்ராங்கில் யெர்சின் உயிர் நீத்தார். ஆரவாரம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். சுவாய்தாவ் என்னுமிடத்தில், தாம் இரப்பர் நட்ட மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் வியத்நாம் நெடும்போர்களைக் கண்டு விடுதலை பெற்றது. பிரெஞ்சுக்காரர் பெயரிட்ட தெருக்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. யெர்சினின் பெயரை மட்டும் அம்மக்கள் அழிக்கவில்லை. இன்றும் அவர் கல்லறையருகே ஊதுவத்தி ஏற்றுகிறார்கள்.

நண்பர்களே! நம் கல்லூரி அரசு கல்லூரி. ஒரு நுண்ணோக்கிக்கு முன் பலர் வரிசையில் நிற்கிறோம். நம்மில் பலர் காலையில் படித்து மாலையில் கம்பெனிக்குச் செல்பவர்கள். வசதி வேண்டும் என்று கேட்பது நம் உரிமை; அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அது வந்து சேரும்வரை நம் கண்கள் ஓய்வெடுக்க வேண்டியதில்லை. நமக்குக் கிடைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு குனிந்து பார்ப்போமாக!

ஒரு நோய்க்கு அஞ்சிக் கொங்கு நாட்டார் கோயில் எழுப்பினார்கள். அந்நோயை இன்னதென்று காட்டியவருக்கு வியத்நாம் மக்கள் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அச்சத்திலிருந்து அறிவுக்குச் செல்லும் வழி, அந்த ஓலைக் குடிசையின் வாசல் வழியாகத்தான் செல்கிறது.